ஒற்றைக்காலில் நிற்கும் நாரை

எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. எட்டுப் பெற்று ஆறை வளர்த்தேன். நாத்தனார் விட்டுப்போன பெண்ணையும் சேர்த்தால் ஏழு. ஏழு பேரும் இன்று அவரவர் வீட்டில் நாலு பேர் மதிக்க இருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு வேறு அவசரம் இல்லை.

எங்கள் ஏரிக்கு வந்து போகும் பறவைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொன்னால், என் வீட்டுக்காரர் சேற்றோடு போகவிருந்த ஒரு காலைப்பொழுதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டையும் பிரிக்க முடியாது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. மலை இரண்டாகப் பிளந்த கணவாய்க்கு நேர் எதிரே. தை பிறந்தால் கிழக்கேயிருந்து காற்றுக் கிளம்பும். மாசி முடிகிற மட்டும் ஓயாது. அடுப்பு மூட்டினால் தீ படுத்துக்கொண்டுதான் எரியும். அந்தக் காற்றோடுதான் ஏரியும் வற்றத் தொடங்கும். ஐப்பசியில் கரை முட்ட நின்ற தண்ணீர் நடுவில் சுருங்கிவிடும். சுற்றிலும் கோரையும் சேறும் வெளியே வரும். நண்டு, நத்தை, புழு எல்லாம் மேலே கிடக்கும். பறவைகளுக்கு அப்போதுதான் கல்யாணச் சாப்பாடு.

நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எங்கள் மூன்று எருமைகளை ஏரிக்கரையில் மேய்க்கிற வேலை என்னுடையது. எருமை மேயும், நான் பறவை பார்ப்பேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் அது இருந்தது. முக்குளிப்பான் இங்கே முழுகி எங்கே எழும் என்று எனக்கு நானே பந்தயம் வைப்பேன். நாமக்கோழி நெற்றியில் வெள்ளை வைத்துக்கொண்டு கூட்டமாகச் சண்டை போடும். இலைக்கோழி தாமரை இலைமேல் நடக்கும். அது நடக்கிறதென்று மனிதன் நடந்தால் கழுத்து மட்டும் தண்ணீர். கிளுவை என்கிற சின்ன வாத்து மார்கழியில் வந்து, மாசிக் கடைசியில் ஒருநாள் சொல்லாமல் போய்விடும். சேற்று நிறத்திலேயே பதுங்கிக் கிடக்கும் உள்ளானைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

கருவாடு கொண்டுவருகிற வியாபாரி ஒருவர், இதே பறவைகள் ஆறு கடலில் விழுகிற இடத்திலும் நிற்கின்றன என்பார். நான் நம்பவில்லை. வெகுகாலம் கழித்து, மாமனார் திதிக்காக அந்தப் பக்கம் ரயிலில் போனபோது பார்த்தேன். உப்புத் தண்ணீரில், அலை வந்து போகிற சேற்றில், எங்கள் ஏரியில் நிற்கிறதுபோலவே நின்றுகொண்டிருந்தன. தெரிந்தவர்களைச் சந்தையில் பார்த்ததுபோல இருந்தது.

பார்த்துப் பார்த்து எனக்கு இரண்டு கணக்குப் பிடிபட்டது. நீளச் சிவப்புக் கால் உள்ள குருவி ஒன்று உண்டு, நாங்கள் செங்காலி என்போம். அதன் காலில் எவ்வளவு சிவப்பு வெளியே தெரிகிறதோ அதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது இலேசான உருப்படி, அடியில் தரையா சேறா என்று சொல்லாது. அதைச் சாம்பல் நாரை சொல்லும். தரை கெட்டியாக இருந்தால் அது ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் தூங்கும். அடி இளகினால் மடக்காது. இரண்டு காலையும் ஊன்றி, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்து வைக்கும்.

இது தெரியாத பாவத்துக்கு ஓர் எருமையைக் கொடுத்தேன். மேலே காய்ந்து தோல் கட்டியிருந்த வண்டலில் அது இறங்கியது. நான்கு பேர் கயிறு போட்டு இழுத்தும் வரவில்லை. மத்தியானத்துக்குள் கொம்பும் மறைந்தது. அதற்குப் பிறகுதான் நாரையின் காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் இரண்டு குழந்தைகள். அந்த மாசியில் அம்சம் அதிகாரி, அதாவது கிராம அதிகாரி, எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் மலையாளத்துக்காரர், ஊர் முழுக்க அவர் சொன்னதுதான். பாலக்காட்டிலிருந்து ஒரு துரை உள்ளான் சுட வருகிறாராம், சேற்றில் வழி தெரிந்த ஆள் முன்னால் நடக்க வேண்டுமாம்.

"துரை சேற்றில் போனா நானும் போகும், நீயும் போகும். வழி அறியுமோ?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "என்ற கால் படாத எடம் அந்த ஏரில இல்லீங்க" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் ஏரியில் இறங்கியது வருஷத்துக்கு ஒருமுறை, மீன் பிடிக்கிற அன்றைக்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலம் நான் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, அந்த உள்ளானெல்லாம் எந்தப் பக்கம் மேயுது?"

"உங்க கால் படாத எடமே இல்லீன்னீங்களே."

"எகத்தாளம் பண்ணாத. சொல்லு."

சொன்னேன். அன்று மாலை பார்த்ததைத்தான் சொன்னேன். கரையில் உள்ள ஒற்றைப் பனையிலிருந்து நேரே போனால் சாம்பல் நாரை ஏழெட்டு வரிசையாக ஒற்றைக்காலில் நிற்கும். அந்த வரிசைமேலேயே நடக்க வேண்டும். அதற்கு வடக்கே கோரைக்குள் உள்ளான் கிடக்கிறது. வரிசையில் நின்றபடியே சுடச் சொல்ல வேண்டும், விழுந்ததை எடுக்கக்கூட வடக்கே கால் வைக்கக் கூடாது. இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. துரையையே நான் நடத்துகிறதுபோல ஒரு நினைப்பு.

நான் செய்த தப்பு, முந்தின நாள் பார்த்ததை மறுநாளுக்குச் சொன்னது. நாள்தோறும் பார்க்கிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் துரை குதிரைவண்டியில் வந்து இறங்கினார். பெண்கள் யாரும் அவர் கண்ணில் படக்கூடாதென்று அதிகாரியின் உத்தரவு. நானும் மாமியாரும் கரையில் ஒரு தாழம்புதருக்குப் பின்னால் நின்றோம். என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் இறங்கினார். பின்னால் துரை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு. இரண்டு பக்கமும் எங்கள் பண்ணையாட்கள் நான்கு பேர். அதிகாரி குடையோடு கரையிலேயே நின்றுகொண்டார்.

என் கண் முதலில் செங்காலிமேல் விழுந்தது. நேற்று முட்டி வரைக்கும் சிவப்புத் தெரிந்த இடத்தில், இன்று ஒரு விரற்கடைதான் தெரிந்தது. ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மேலேரிக்காரர்கள் இராத்திரியில் மதகு திறந்துவிட்டிருக்கிறார்கள். காய்ந்த வண்டலுக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று என் எருமைக்குத் தெரியும்.

நாரைகளைப் பார்த்தேன். அதே வரிசையில்தான் நின்றன. ஒன்றுகூட ஒற்றைக்காலில் இல்லை. பனைக்குப் பக்கத்தில் நின்றவை சும்மா நின்றன. தூரத்தில் நின்ற நான்கும் காலை எடுத்து வைத்து, எடுத்து வைத்து நின்றன. என் வீட்டுக்காரர் அவற்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். நாரை நிற்கிறதா என்று பார்த்தார், நின்றது. கால் எத்தனை என்று அவர் பார்க்கவில்லை.

"அத்தை, தண்ணி வந்திருச்சுங்க. அடி எளகியிருக்குது" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்? சும்மா நில்லு" என்றார் மாமியார்.

நான் புதரை விட்டு வெளியே வந்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்தார். பிடுங்கிக்கொண்டு ஓடினேன். நின்ற இடத்திலிருந்து கத்திப் பிரயோசனமில்லை, காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கரை வில்லாக வளைந்து கிழக்கே போகிற இடம் வரைக்கும் ஓடினால்தான் காற்று என் முதுகுக்கு வரும். அதிகாரியைத் தாண்டி ஓடினேன். அவர் என்னவோ சொன்னார். காதில் வாங்கவில்லை.

கிழக்கு முனையில் நின்று, "ஏனுங்க!" என்று கத்தினேன்.

பண்ணையாள் ஒருவன் திரும்பிப் பார்த்து, பேசாதே என்று கை காட்டினான். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கரையில் எந்தப் பெண்பிள்ளை எந்த ஆணைக் கூப்பிட்டாலும் அதே ஏனுங்கதான். துரைக்கு முன்னால் நடக்கிற நேரத்தில் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? இன்னொரு தரம் கூப்பிட்டேன். அப்போதுதான் துப்பாக்கி வெடித்தது.

ஏரி முழுக்க ஒரே சமயத்தில் எழும்பியது. கிளுவை, நாமக்கோழி, கொக்கு, செங்காலி, நாரை எல்லாம். வானம் இருண்டதுபோல இருந்தது. இறக்கைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவை எழுந்து போனதும் ஏரி வெறும் பளபளப்பாகக் கிடந்தது. எங்கே தரை எங்கே சேறு என்று சொல்ல அங்கே இனி ஒன்றுமில்லை. சுட்ட உள்ளான் வடக்கே விழுந்திருந்தது. துரை கையை நீட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார்.

கட்டின புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள் எங்களில். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட மாமியார்தான் அவர் பேரைச் சொல்வார். அந்தப் பேரே வேறு ஆளுக்கு இருந்தால் அவனை நான் மொட்டையாகக் கூப்பிடுவேன். அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவள் நான்.

காற்று பின்னாலிருந்து அடித்தது. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

தூக்கின கால் தூக்கினபடி நின்றார். என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினேன். அவர் காலைப் பின்னால் வைத்துவிட்டு, முன்னால் கம்பைக் குத்தினார். ஆள் உயரக் கம்பு. கைப்பிடி வரைக்கும் போய்விட்டது.

உடனே கையை நீட்டித் துரையை மறித்தார். துரைக்குப் புரியவில்லை. கோபமாக என்னவோ சொல்லிக்கொண்டு, நீட்டின கையைச் சுற்றிப் போய் ஓர் அடி எடுத்து வைத்தார். தொடை வரைக்கும் இறங்கிவிட்டார். ஆட வேண்டாம், ஆட வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் தமிழில் சொல்ல, அவர் ஆட ஆடச் சேறு இடுப்புக்கு வந்துவிட்டது. பண்ணையாட்கள் கோரையை அறுத்துக் கத்தையாகப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அதன்மேல் குப்புறப் படுத்துத் துரையின் அக்குளில் கை கொடுத்தார். மற்ற நால்வரும் அவர் காலைப் பிடித்து இழுத்தார்கள். கோரை அமுங்கி அவர் முகம் சேற்றில் படுவதை நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துரை வெளியே வந்தார். ஒரு பூட்ஸ் வரவில்லை.

கரையேறியதும் துரை நேரே வண்டியில் ஏறிப் போனார். அதிகாரி ஒரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மாமியார் நடுவாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னதுதான் பட்டது.

"சேத்துல போயிருந்தா ஒரு நாளையில போயிருக்கும். இப்ப எந்த நாளுன்னு நான் எதிர்பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும். மூணு தரம் சொன்னியே அம்மிணி."

தாலிக் கயிறு மாற்றச் சொன்னார், மாற்றினேன். மாரியம்மன் கோயிலை ஈரத்துணியோடு சுற்றச் சொன்னார், சுற்றினேன். மனசு மட்டும் ஆறவில்லை. அவர் இருமினால் என் கை நின்றுவிடும். சந்தையிலிருந்து வர நேரமானால் வழியில் போய் நிற்பேன். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை.

பங்குனி நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. மாமியார் வாசற்படியில் நின்று என்னைப் பார்ப்பார். மூன்று தரம் சொன்னேன், மூன்று நாள் ஆகிவிட்டது என்று எனக்கே மண்டைக்குள் ஓடியது. நான்காம் நாள் காலையில் கஞ்சித் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"அன்னிக்கு நீ கூப்புடலீன்னா இந்தக் காச்சலுக்கு வேற ஆளைத் தேடியிருக்கோணும்."

மாமியார் திரும்பி உள்ளே போய்விட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கடைசி வரைக்கும் அவர் அந்த நம்பிக்கையை விடவும் இல்லை, மகனுக்குத் தும்மல் வந்தால் என்னைத்தான் பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் இருந்தார். பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். குறைந்ததென்றால் எவ்வளவிலிருந்து குறைந்தது என்று யாராவது சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே முடிகிறது. இனி என் பேத்திக்கு: கண்ணு, இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வா. முதலிலிருந்து மெதுவாக வாசி. நான் கூப்பிட்ட இடம் வரும்போது பேர் என்னவென்று கேட்டு நிறுத்தாதே, அடுத்த வரிக்குப் போ.