சாய்தளத்தின் அடியில் ஒரு அரிசிக் கோலம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் சாஆவிலிருந்து ஜொகூர் பாரு பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தோம். பெயர் வேண்டாம், வம்பு. மகள் தர்ஷினிக்கு அங்கே கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்குச் சிறுவயது முதல் சக்கர நாற்காலிதான். "நானே உருட்டிட்டு உள்ள போக முடிஞ்சா சேர்றேன் மா. யாராச்சும் தூக்கணும்னா வேணாம்," என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அங்கே 'அனைவருக்குமான வளாகம்' என்று விழா. நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று கிளம்பினோம்.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மொத்தம் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் வையுங்கள். டோல் அட்டையில் ஐம்பது ரிங்கிட் இருந்தால் போகவரப் பயமில்லை. ஆயர் ஈத்தாமில் ரொட்டி சானாய் வாங்கிக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். நாற்காலியை இறக்கி, விரித்து, மறுபடி மடித்து ஏற்ற எனக்கு இடுப்பில் தெம்பில்லை.

மண்டபத்துக்குச் சாய்தளம் இருந்தது. அகலமானது, புதுப் பெயிண்ட் வேறு. அது தரையில் தொடங்கும் இடத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, வண்ண அரிசிக் கோலம். ஓரத்தில் மயில். நடுவில் எல்லா இனத்தவரும் கைகோத்து நிற்க, அவர்களுக்கு மத்தியில் சக்கர நாற்காலியில் சிரித்தபடி ஒரு பெண். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜிப்பா போட்ட ஒரு மாணவன், இந்தியர் மன்றத் தலைவனாம், ஓடிவந்தான். "சோரி ஆன்ட்டி. சீஃப் கெஸ்ட் டத்தோ வந்து படம் புடிச்சதும் போலாம் லா. ராத்திரியெல்லாம் முழிச்சுப் போட்டது."

"அவரு எப்ப வருவாரு?"

"பத்து மணின்னாங்க." அப்போதே மணி பத்தே முக்கால். "இல்லாட்டி நாங்க படியில தூக்கிடுறோம் ஆன்ட்டி. ஒண்ணும் பிரச்சன இல்ல."

நல்ல மனசுதான். அவனைத் திட்டக்கூட எனக்குச் சக்தியில்லை. தர்ஷினி சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போலாம் மா," என்றாள். இதற்கா இவ்வளவு தூரம் ஓட்டி வந்தேன்?

நாற்காலியைத் திருப்பினேன். அப்போது மயில் வாலைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து வந்தாள். விரலெல்லாம் பச்சைச் சாயம். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தர்ஷினியிடம், "எவ்ளோ அகலம் வேணும்?" என்று கேட்டாள்.

 தர்ஷினி இரண்டு கைகளையும் விரித்து, "இவ்ளோ," என்று காட்டினாள்.

அந்தப் பெண் ஒரு அட்டைத் துண்டை எடுத்து, கோலத்தின் நடுவே அரிசியை இருபுறமும் ஒதுக்க ஆரம்பித்தாள்.

"அலமாக்! ஏய் வீணா, டத்தோ வராரு!" என்று தலைவன் அலறினான்.

"வரட்டும். அவரும் இப்படியே போகட்டும்."

கோலத்தில் கைகோத்து நின்றவர்களில் இரண்டு பேர் அழிந்துபோனார்கள். சக்கர நாற்காலிப் பெண்ணும் போனாள். தர்ஷினி உருட்டிக்கொண்டு ஏறினாள். பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது என் கை தானாக நீண்டது. "வேணாம் மா," என்றாள். தானாகவே மேலே போய்ச் சேர்ந்தாள். டத்தோ அதற்கப்புறம்தான் வந்தார். அந்தப் பாதை வழியாகவே நடந்து, நின்று படமும் எடுத்துக்கொண்டார். அதுவும் கோலத்தில் சேர்த்தி என்றே நினைத்திருப்பார்.

இதேபோலப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விழா நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில் போனால்தான் இடத்தின் லட்சணம் தெரியும். போன் போட்டு, சாய்தளம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இருக்கிறது என்பார்கள். இன்றைக்கு அதன் முன்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். லிஃப்ட் பின்கட்டடத்தில் இருக்கிறது, நல்ல தூரம். நாற்காலிக்குத் தோதான கழிவறை மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றே ஒன்று.

திரும்பும் வழியில் இதையெல்லாம் அவளிடமும் அடுக்கினேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"சேர்றேன் மா," என்றாள்.

"ஏன்டி? இவ்ளோ பார்த்த பெறகுமா?"

"தூக்கட்டுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. எவ்ளோ அகலம் வேணும்னு இதுவரைக்கும் கேட்டது அவ ஒருத்திதான்."