லவோனின் கிட்டாருக்கு மெழுகு

கலமசூ ஆற்றங்கரைக் காகித ஆலையில் கெரிட் ஹூக்ஸ்ட்ரா இருபத்தாறு வருடம் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், காது கொடுத்துக் கேட்பது. நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இயந்திரத்தின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பான். "ஏழாவது உருளை, இடது பக்க பேரிங். வியாழக்கிழமை வரைக்கும்தான் தாங்கும்" என்பான். வியாழக்கிழமை அது போய்விடும். அவன் பேச்சைக் கேட்காத மேலாளர்கள் உண்டு. ஆனால் எவரும் இரண்டாவது முறை அப்படி இருந்ததில்லை.

ஆலையை மூடினார்கள். காதை மூட முடியவில்லை. குளிர்பெட்டியின் முனகல், வீட்டின் அடித்தள அறைக்கு இறங்கும் படியின் மூன்றாவது பலகை, காரின் பின்சக்கரத்தில் சிக்கிய சிறு கல் எல்லாம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. சத்தம் என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஏதோ கழன்றிருக்கிறது, போய் முடுக்க வேண்டும்.

கிட்டார் செய்யத் தொடங்கியதும் அந்தக் காதினால்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜிலிருந்து காரை வெளியே பனிக்குத் தள்ளிவிட்டு, ரம்பத்தையும் தேய்ப்பு இயந்திரத்தையும் உள்ளே கொண்டுவந்தான். மேப்பிள் கழுத்து, வால்நட் உடல். உட்குழிவெல்லாம் செம்புத் தகடு ஒட்டி, ஒயர் ஒவ்வொன்றையும் உறையிட்டு, கழுத்தில் விரல் அழுத்தும் உலோக மெட்டுகளை முடியளவு ஏற்ற இறக்கம் இல்லாமல் ராவி, பத்தொன்பது கிட்டார் செய்திருந்தான். அவன் கிட்டாரை ஒலி பெருக்கும் ஆம்ப்பில் செருகி ஒலியைக் கடைசிவரை திருகினாலும், கம்பியில் விரல் படும் வரை ஒரு இரைச்சல் வராது. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் முன்னாள் படைவீரர் மன்றத்தில் மீன் வறுவல் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் கூடி வாசிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் கெரிட் செய்த கிட்டார்தான்.

அவன் மனைவி லவோன் கையில் மட்டும் இல்லை.

அவளுடையது பழைய சிவப்புக் கிட்டார். பத்தொன்பது வயதில் யார் வீட்டு வாசலிலோ பழைய சாமான்கள் பரப்பியிருந்தபோது, சூப் குண்டானுக்கும் குழந்தை நாற்காலிக்கும் நடுவில் கிடந்ததை எடுத்து வந்தாள். கம்பிகளுக்கு அடியில் ஒரே ஒரு பிக்கப். அதாவது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். கிட்டார்க் கம்பியின் அதிர்வை அதுதான் மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்புகிறது. இந்தச் சுருளை யாரோ அவசரத்தில் தளர்வாகச் சுற்றியிருந்தார்கள். இடையெல்லாம் காற்று. அதனால் கம்பியை மட்டுமல்ல, விரல் நகம் பலகையில் தட்டுவதையும், சட்டைப் பித்தான் உரசுவதையும்கூட அது கேட்டது. ஆம்ப்பைக் கொஞ்சம் கூட்டினால் வீல் என்று கத்தும்.

போதாததற்கு, சுருதி சேர்க்கும்போது மூன்றாவது கம்பியை ஒரு நூல் இறக்கியே வைப்பாள். கெரிட் டியூனரைக் காட்டுவான். முள் இடதுபக்கம் சாய்ந்திருக்கும்.

"பாரு, குறையுது."

"முள்ளுக்குக் குறையுது. எனக்குச் சரியாயிருக்கு" என்பாள்.

அந்த மார்ச் மாதம் மன்றத்தில் அது நடுப்பாட்டில் கத்தியது. தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்த பெண்மணி காதைப் பொத்திக்கொண்டாள். டிரம் வாசிக்கும் டுவைன் ஸ்லாகர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினான். ஆலையில் கெரிட்டோடு வேலை பார்த்தவன் அவன். வாய்க்குப் பூட்டு இல்லை.

"யோவ் கெரிட், ஊர்க்காரனுக்கெல்லாம் கிட்டார் செஞ்சு குடுக்கிற. உன் பொண்டாட்டி கையில மட்டும் பன்னிக்குட்டியக் குடுத்து வச்சிருக்கியே!"

எல்லாரும் சிரித்தார்கள். லவோனும் சிரித்தாள். கெரிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பும்போது காரில் ஆரம்பித்தான். "ஒரே ஒரு நாள் வேலை. மெழுகுல முக்கி எடுத்தா சுருள் இறுகிடும். அப்புறம் கத்தாது."

"வேணாம்."

"ஏன்?"

"அது அப்படித்தான். விட்டுடு கெரிட்."

"கத்துறது ஒரு குறைதானே?"

அவள் ஜன்னலுக்கு வெளியே, உழுது போட்டது மாதிரி ஓரத்தில் குவிந்திருந்த அழுக்குப் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நீயும்தான் தூக்கத்துல கத்துற. உன்ன மெழுகுலயா முக்குனேன்?"

அதை அவன் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டான். அவள் வேண்டாம் என்று சொன்னதை வேண்டும் என்றே புரிந்துகொண்டான். தனக்காகப் பிறர் சிரமப்படுவதை விரும்பாத பெண்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவள். இரண்டாவது துண்டு கேக்கையும் இப்படித்தான் மறுப்பாள் என்பது அவன் கணக்கு.

ஏப்ரல் முதல் வாரம் மகள் ட்ரூடிக்கு உதவியாக லவோன் கிராண்ட் ராபிட்ஸுக்கு நான்கு நாள் போனாள். அவள் கார் திருப்பத்தில் மறைவதற்குள் சிவப்புக் கிட்டார் கராஜ் மேசையில் கிடந்தது.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிக்கப்பைக் கழற்றினான். சமையலறையிலிருந்து அவளுடைய சின்னப் பாத்திரத்தை எடுத்து வந்து, வெந்நீருக்குள் வைத்து, நாலு பங்கு பாரபின் மெழுகும் ஒரு பங்கு தேன்மெழுகும் உருக்கினான். நேரடி நெருப்பு ஆகாது. சூடு மிஞ்சினால் சுருளின் சட்டமே இளகி வளைந்துவிடும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சுருளை உள்ளே இறக்கினான். பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. நாற்பது வருடமாக உள்ளே இருந்த காற்று. இருபது நிமிடத்தில் கடைசிக் குமிழியும் வெடித்து, மெழுகு கண்ணாடிபோல் அசையாமல் நின்றது. அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது. மீதி மூன்று நாளில் மெட்டுகளை ராவினான், சுருதி சேர்க்கும் துருப்பிடித்த பிருடைகளை மாற்றினான், உட்குழிவில் செம்புத் தகடு ஒட்டினான். மூன்றாவது கம்பியையும் முள் நடுவில் நிற்கும்படி ஏற்றி வைத்தான்.

லவோன் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்ற விடாமல் அடித்தளத்துக்கு அழைத்துப் போனான். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் அவள் ஆம்ப் இருந்தது. செருகி, ஒலியைக் கடைசிவரை திருகினான். அமைதி.

"கேட்டியா? ஒண்ணுமே இல்ல!"

அவள் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தாள். நகத்தால் பலகையைத் தட்டினாள். ஆம்ப் வாயே திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு ஒரு சுரக்கொத்தை மீட்டினாள். மணி அடித்தது போல் வந்தது.

"சுத்தமாயிருக்கு" என்றாள்.

"சொன்னேன்ல?"

"சொன்ன." கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூன்று பூட்டையும் போட்டாள். மேலே போய்ப் பட்டாணி சூப்பை அடுப்பில் ஏற்றினாள். அடியில் மெழுகு படிந்திருந்த சின்னப் பாத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

அதன்பிறகு அவள் அடித்தளத்துக்குத் துணி துவைக்க மட்டும் போனாள். கேட்டால் மணிக்கட்டு வலி என்றாள். மன்றத்தில் கெரிட் செய்த வால்நட் கிட்டாரை இரவல் வாங்கி வாசித்தாள், பிழையில்லாமல் வாசித்தாள். மணிக்கட்டு வலி அங்கே எங்கே போகிறது என்று அவன் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு ட்ரூடி வந்தாள். லவோன் தேவாலயத்துக்குப் பூ எடுத்துப் போயிருந்த நேரம், கெரிட்டுக்குப் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவள் சாதாரணமாகக் கேட்டாள்: "அம்மா ஏன்ப்பா பாடுறதில்ல?"

"உங்கம்மா எப்போ பாடுனா? கோயில் பாட்டுக் குழுவுலகூட வாயசைப்பாளே தவிர..."

"அதான். நீ சும்மா உதட்ட மட்டும் அசை, சுருதி சேரலன்னு அந்தக் குழுத்தலைவர் எல்லார் முன்னாடியும் சொன்னாராம். அதுக்கப்புறம் அம்மா வெளியில பாடுனதே இல்ல. கிட்டார்லதான் பாடுவா."

கெரிட்டின் கையில் இருந்த கத்தி நின்றது. "கிட்டார்லயா?"

"குனிஞ்சு வாய அந்தப் பிக்கப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாடுவாப்பா. ஆம்ப்புல வேற யாரோ தூரத்துல ரேடியோவுல பாடுற மாதிரி வரும். நீ ரெண்டாவது ஷிப்டு போயிடுவ. ஸ்கூல் விட்டு வந்ததும் நானும் கீழ போய் துணிக்கூடைமேல உக்காந்து கேப்பேன். தினமும்." அவன் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தணித்தாள். "உனக்குத் தெரியாதாப்பா?"

தெரியாது. ஏழாவது உருளையின் இடது பேரிங் தெரியும்.

அவன் உருளைக்கிழங்கை அப்படியே வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனான். குமிழிகள்தான் நினைவுக்கு வந்தன. வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். வேண்டாம் என்று அவள் சொன்னது வெறும் வேண்டாம்தான். வேறு ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவன் எத்தனை தடவை இப்படித் திருப்பிப் புரிந்துகொண்டானோ.

மறு வாரம் அவள் கடைக்குப் போன நேரமெல்லாம் சிவப்புக் கிட்டாரோடு மல்லுக்கட்டினான். சூடு காட்டி மெழுகை ஒழுகவிட்டான், பாதிதான் வந்தது. சுற்றைப் பிரிக்கப் போனபோது கம்பி பட்டென்று அறுந்தது. வேறு வழியில்லை. பழைய கம்பியை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்ற உட்கார்ந்தான். கையால், தளர்வாக, அங்கங்கே காற்று விட்டு, ஒரு சுற்று மேலே ஒரு சுற்று கீழே என்று அலங்கோலமாக. பத்தொன்பது கிட்டாரில் கற்றதற்கெல்லாம் நேர் எதிரான வேலை. கை கேட்கவே மாட்டேன் என்றது. விட்டால் வரிசையாகச் சுற்றியது. மூன்று சுருளைத் தூக்கி எறிந்தான். நான்காவதைப் பொருத்தி, அவள் இல்லாத நேரத்தில் அடித்தளத்துக்குக் கொண்டுபோய் ஆம்ப்பில் செருகினான். வீல் என்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு அவன் கண் கலங்கியது.

மூன்றாவது கம்பியை ஒரு நூல் இறக்கினான். குனிந்து பிக்கப் அருகே வாயை வைத்து, "லவோன்" என்றான். ஆம்ப்பிலிருந்து, தகரக் குழாய்க்கு அந்தப் பக்கம் நின்று யாரோ கூப்பிட்டது போல் வந்தது.

படியில் காலடி கேட்டது. மூன்றாவது பலகை கிறீச்சிட்டது. கடையிலிருந்து வந்தவள் பையோடு அப்படியே நின்றாள்.

"நீ அதுல பேசிப் பாத்தியா?"

"ஆமா. வேலை செய்யுது. முன்ன மாதிரியே..."

"ட்ரூடி சொன்னாளா?"

அவன் தலையாட்டினான். "எனக்குத் தெரியாம போச்சு லவோன். தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ நல்லாத்தான் செஞ்சிருப்ப. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." பூட்டில்லாமல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "ஆனா இனிமே வாயத் திறந்தா, மேல நீ திருப்புளியக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்குமே, நான் என்ன பண்றது?"

"நான் கேக்க மாட்டேன்."

"நீயா?" என்று சிரித்தாள். உண்மையான சிரிப்பு. அதுதான் அவனை அதிகம் நோகடித்தது. "கெரிட், பக்கத்து வீட்டுக்காரன் பல்லு கடிக்கிறதே உனக்குக் கேக்கும்."

பையை எடுத்துக்கொண்டு அவள் மேலே போய்விட்டாள். பால் பெட்டி குளிர்பெட்டிக்குள் போவது, கதவு மூடுவது எல்லாம் அவனுக்குக் கீழே கேட்டன.

மே மாதம் ஒரு மத்தியானம், மீன்பிடிக்கக் கூப்பிட வந்த டுவைன், கராஜுக்குள் தேய்ப்பு இயந்திரமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் ஒன்றாக அலறுவதைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மேசையில் மரத்துண்டு ஒன்றுகூட இல்லை. கெரிட் ஆலையில் போடும் காதுமூடியை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முதுகு வீட்டுப் பக்கம்.

டுவைன் தோளைத் தட்டினான். "யோவ்! வெறும் மெஷின எதுக்கய்யா ஓட்டுற? மரம் வாங்கக்கூட வக்கில்லாம போயிட்டியா?"

கெரிட் ஒரு பக்கக் காதுமூடியை மட்டும் அரை அங்குலம் தூக்கினான். "என்ன?"

"எதுக்கு ஓடுதுன்னு கேட்டேன்!"

"மூணுலேருந்து நாலு வரைக்கும் தினமும் ஓடும்."

"அதான், எதுக்கு?"

சமையலறை ஜன்னல் வழியே இயந்திரச் சத்தம் லவோனுக்குக் கேட்கும். அது கிளம்பினால் அவன் காதில் வேறு எதுவும் விழாது, வீடு அவளுடையது. ஒரு மணி நேரம். மூன்று வாரமாக ஓட்டுகிறான். அவள் கீழே போகிறாளா என்று அவனுக்குத் தெரியாது. நான்கு மணிக்கு உள்ளே போகும்போது அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள், அல்லது சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருப்பாள். அவன் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அடித்தளத்தில் ஆம்ப் சூடாக இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கும் ஆசை தினமும் வரும். அவன் படியிறங்குவதில்லை.

"வேலை நடக்குது டுவைன்" என்றான். "நாலு மணிக்கு வா, போவோம்."

காதுமூடியை மறுபடி இறக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.