சைக்கிளோடு அக்கரைக்கு

மேடு என்றால் எனக்கு ஆகாது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்குமே ஆகாது. கீழ்வேளூருக்குக் கிழக்கே, வெட்டாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் கிராமம். அங்கே மேடு என்று சொல்லிக்கொள்ள வாய்க்கால் மதகுகள்தான் உண்டு. அதில் ஏறுவதற்கே சைக்கிளை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சும் விடுவோம். அதனால்தான் நானும் என் மச்சானும் சைக்கிளில் ஊர் சுற்றப் போவதென்று முடிவு செய்தபோது, அது வெளிநாட்டில் போய் நின்றது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கர் சொச்சத்தை, குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். நான் ஊர்த் தபால் ஆபீசில் போஸ்ட்மாஸ்டர். பெயர்தான் பெரிது. கடிதத்துக்கு முத்திரை குத்துகிறவனும் நான்தான், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் நான்தான். தினமும் சைக்கிள் மிதிக்கிற இரண்டு பேர், ஓய்வுக்கும் சைக்கிள்தான் மிதிக்க வேண்டும் என்று நினைத்ததைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

எந்தத் திசையில் போவது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"மேக்கால போனா திருச்சியிலயே மலை நிக்குது மாப்ள," என்றார் மச்சான்.

"அப்ப தெக்கால போவோம் மச்சான். பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்பு. நெழலுலயே போயிடலாம்."

"அதுக்கு அந்தாண்ட?"

"புதுக்கோட்டைப் பக்கம் பாறையா இருக்கும்னு சொல்றாங்க."

"வடக்கால கொள்ளிடம் பாலம். அதுல ஏறுறதுக்குள்ள மூச்சு நின்னுடும்."

மிச்சமிருந்தது கிழக்கு. கிழக்கே கடல். மச்சான் யோசித்துவிட்டு, "கடலு சமதரைதானே?" என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நிலப்பட நூலை இரவல் வாங்கி வந்தேன். அதில் சமவெளிக்குப் பச்சை, மலைக்குப் பழுப்பு. எங்கள் தஞ்சாவூர் ஜில்லா நல்ல பச்சை. கடலைத் தாண்டினால் இலங்கையின் வடக்குத் தலை முழுக்க அதே பச்சை. மச்சான் இரண்டு பச்சையிலும் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மாதிரியே இருக்குமோ?" என்று கேட்டார். அந்த முகத்தில் அத்தனை ஆசை. நம் ஊர் மாதிரியே இருக்கிற இடத்துக்கு எதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ராமேசுவரம் வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இறங்கியதும் மிதிக்க வேண்டியதுதான். திட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. சந்தேகங்கள்தான் மாதக்கணக்கில் நீண்டன. கப்பலில் சைக்கிளைப் படுக்க வைப்பார்களா, நிற்க வைப்பார்களா? கடல் காற்றில் செயின் துரு பிடிக்குமா? அந்தக் காலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் வரி கட்டி, தகர வில்லை ஒன்று வாங்கி ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டும். எங்கள் வில்லை சிலோனில் செல்லுமா என்று பஞ்சாயத்து ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா அரை மணி நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அத்தனை தூரம் போவாதீங்க சார், நம்ம எல்லை சிக்கலுக்குப் போற ரோட்டோட முடியுது," என்றார்.

மச்சானின் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். "ரோட்டுலதானே ஓட்டப் போறீங்க? அதுக்கு எதுக்கு அண்ணே பாஸ்போட்டு?"

பாஸ்போர்ட்டு பாரத்தை நான்தான் பூர்த்தி செய்தேன், இருவருக்கும். கீழ்வேளூர் ஸ்டூடியோவில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு மச்சான் படம் எடுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அது.

இதெல்லாம் எந்த நேரத்தில் என்றால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு அறுவடைக்கும் வயலின் ஒரு தலைப்பில் செங்கொடியும் இன்னொரு தலைப்பில் போலீஸ் வேனும் நின்ற காலம். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. சொந்த உழைப்பில் சாகுபடி செய்கிறவன் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அவனை லேசில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த பசலி வருஷத்துக்கு வரப்பில்கூடக் கால் வைக்க முடியாது. மச்சானிடம் எழுத்தாக ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்து எல்லாம் வாய்ப்பேச்சுதான். பதிவு கேட்டு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார். அந்த ஏழு மாவும் அவருக்குச் சொந்தமாக வந்துவிடப் போவதில்லை. ஆனால் அதை விட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் கடல் தாண்டுவதற்கு விண்ணப்பித்தோம். எங்களை மாதிரிக் கூறுகெட்ட ஜென்மங்களை ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது.

பாஸ்போர்ட்டு விசாரணைக்கு வந்த ஏட்டையா நேரே மிராசுதாரின் ஏஜெண்டு வீட்டுக்குப் போனார். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் மாயவரத்தில் இருந்தார். நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டது ஏஜெண்டுதான். குத்தகைக்காரன் வெளிநாடு போகப் போகிறான் என்ற சேதியைக் கேட்டு, அந்த மனிதர் ஏட்டையாவுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாராம்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறான் என்றால் சம்பாதிக்கப் போகிறான் என்று அர்த்தம். பத்து வருஷம் கழித்துத்தான் திரும்புவான். சைக்கிள் ஓட்டிவிட்டுப் பதினைந்தாம் நாள் வந்துவிடுவான் என்றால் எவன் நம்புவான்? ஊரிலேயே நம்பவில்லை. ஒருவர் சோப்பு கேட்டார், ஒருவர் டார்ச் லைட்டு கேட்டார். ஏஜெண்டு ஒன்றும் கேட்கவில்லை. குத்தகைப் பதிவை விசாரிக்கிற தாசில்தாருக்கு மனு எழுதினார்.

அதன் நகல் மச்சானுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி, பிரித்துப் படித்தும் காட்டினேன். "மேற்படி நபர் சைக்கிளுடன் அக்கரை செல்லச் சகல ஏற்பாடுகளும் செய்து வருகிறபடியால், இவர் சொந்த உழைப்பில் சாகுபடி செய்பவர் அல்ல." அக்கரை என்றால் எங்கள் ஊரில் வெளிநாடு. மலேயா போனாலும் அக்கரை, சிலோன் போனாலும் அக்கரை.

மச்சான் காகிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "ஏழு மாவும் போச்சா மாப்ள?" என்றார்.

அவர் மனைவி பேசினாள். "அது போச்சுன்னா நான் யாரு வயல்ல அண்ணே போயி கூலிக்கு நடுறது? பச்சையையும் பழுப்பையும் பாத்துப் பாத்து எங்க குடியக் கெடுத்துட்டீங்களே!" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பாரத்தை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

குத்தகைப் பதிவு விசாரணை கீழ்வேளூரில். தனி தாசில்தார் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் முகாம் போட்டிருந்தார். மச்சானும் அவர் மனைவியும் விடிந்ததுமே போய்விட்டார்கள். நான் தபால் பையைப் பிரித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். பையில் இரண்டு பதிவுத் தபால்கள். ஒன்று எனக்கு, ஒன்று மச்சானுக்கு. கனத்தைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. இரண்டையும் தோள்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழியில் ஒரு மதகில்கூட நான் இறங்கவில்லை.

தாசில்தார் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனுவை இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்க, இவரு சைக்கிளோட அக்கரை போறாருங்கறதுதான் உங்க புகாருங்களா?"

"ஆமாங்கய்யா," என்றார் ஏஜெண்டு. "ஊருக்கே தெரியும்."

"நிலம் எங்கிருக்குதுங்க?"

ஊர்க் கணக்குப்பிள்ளை வரைபடத்தை விரித்தார். "ஆத்துக்கு அக்கரையிலங்க."

"இவரு குடியிருக்கறது?"

"இக்கரையிலங்க."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கரைக்குப் போகாம பின்ன எப்படிங்க சாகுபடி பண்ணுவாரு?"

ஏஜெண்டுக்கு வேர்த்துவிட்டது. "அந்த அக்கரை இல்லீங்கய்யா! இது சிலோனு!"

"சிலோன்னா சிலோன்னு எழுதோணுமில்லீங்க?" தாசில்தார் மச்சானின் மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரரு தினமும் எங்க போறாரு?"

"அக்கரைக்குத்தாங்க," என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல். "காலையில சைக்கிள ஓடத்துல ஏத்துனா வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாரு. தொறையிலேருந்து வயலு ரெண்டு கல்லு தூரம். அதான் சைக்கிளு." அத்தனையும் சத்தியம். ஓடம், சைக்கிள், சமதரை, அக்கரை. நாங்கள் மாதக்கணக்கில் திட்டம் போட்ட பயணத்தை அவர் தினமும் போய்வந்துகொண்டிருந்தார்.

"பாஸ்போட்டு போட்டிருக்காருங்கய்யா!" ஏஜெண்டு என்னைக் காட்டினார். "இந்தப் போஸ்ட்மாஸ்டருதான் எழுதிக் கொடுத்தாரு. கேளுங்க!"

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "இவருகிட்ட பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

தோள்பை கல்லாகக் கனத்தது. மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வந்திருப்பதே தெரியாது.

"இல்லீங்க சார்," என்றேன். "அப்படி எதுவும் அவருக்கு டெலிவரி ஆகல."

தபால் இலாகா விதிப்படி அது உண்மை. வேறு எந்த விதிப்படி என்று நான் யோசிக்கவில்லை.

மச்சானின் பெயர் பதிவேட்டில் ஏறியது. தாசில்தார் எழுதி முடிக்கும்வரை அவர் மனைவி அந்தப் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே வந்ததும் மச்சான் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதார்.

மறுநாள் காலை ஓடத்துறையில் அவரிடம் உறையைக் காட்டினேன். கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு வாங்கினால் தபால் ஆபீஸ் பதிவில் நிற்கும். ஏஜெண்டு அப்பீலுக்குப் போகாமல் இருக்க மாட்டார்.

"படத்த மட்டும் பாத்துட்டுத் தரவா மாப்ள?"

"பிரிச்சா வாங்குன கணக்கு மச்சான்."

உறையை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தடித்த காகிதம், ஒன்றும் தெரியவில்லை. என்னிடமே கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி ஓடத்தில் வைத்தார். ஓடம் நடு ஆற்றுக்குப் போனதும் திரும்பி, "நீ மட்டுமாச்சும் போயிட்டு வா மாப்ள!" என்று கத்தினார்.

நான் போகவில்லை. என் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட வாங்காமல் பெட்டிக்குள்ளேயே காலாவதியானது. தனியாகப் போய் யாரிடம் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்று சொல்வது?

ஆபீசுக்கு வந்து அந்த உறையை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொடுக்கப்படாத தபாலின் மேல் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். வாங்க மறுத்தார் என்று எழுதினால், ஏன் மறுத்தார் என்று ஒரு கேள்வி வரும். அந்த ஊரில் அப்படி ஆளே இல்லை என்று எழுத மனம் வரவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதி, முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை அதைக் கொடுத்த ஆபீசுக்கே அனுப்பி வைத்தேன்.

"முகவரிதாரர் அக்கரை சென்றுள்ளார்."