எட்டு மணி மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த சமயம். ஊரே அருவிக்கு ஓட, நான் தென்காசியில் ஒரு சின்ன அலுவலகத்தில் சர்க்கரை நோய் ஆய்வு வேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக மாத்திரை தொடங்கும் பீடி சுற்றும் பெண்களுக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு போனில் நினைவூட்டினால், விடாமல் போடுகிறார்களா என்று பார்க்கும் ஆய்வு அது.

அதை எப்படி நடத்துவது என்ற திட்டத்தை, புரோட்டோகால் என்பார்கள், பாதிக்கு மேல் எழுதியது நான்தான். மற்ற நாட்டு ஆய்வாளர்களும் படிக்கட்டும் என்று எங்கள் டாக்டர் அதை இணையத்தில் போடப்போவதாகச் சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. "எவனாச்சும் எடுத்து அவன் பேர்ல போட்டுக்கிடுவான் சார்" என்று சண்டை பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை முதல் போன் போக வேண்டும். சனிக்கிழமை காலை, இணையத்தில் எங்கள் திட்டத்தைப் படித்துவிட்டு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நர்ஸ் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர்களும் சந்தையில் காய் விற்கும் பெண்களிடம் இப்படித்தான் செய்தார்களாம். போன் வந்ததும் சாப்பிடாமலே மாத்திரை போட்ட ஒரு பெண், சர்க்கரை இறங்கிக் கடையிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். உங்கள் பெண்கள் எட்டு மணிக்குள் சாப்பிட்டிருப்பார்களா என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாத்திரையோடு கொடுத்த சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோமே, இவர் யார் கேட்க? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். மடியில் தட்டை வைத்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டு மணிக்கா? கடையில பீடியக் குடுத்துட்டு வந்துதாம்மா சாப்பிடுதது. பதினோரு மணி ஆயிரும். அதுவரைக்கும் கடுங்காப்பிதான்."

"அப்போ எட்டு மணி மாத்திரை?"

"போட்டுருவேன். நீங்க அங்கன இருந்து மெனக்கெட்டு போன் பண்ணுதீய, போடலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் அம்மாவும் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். பதினொரு மணிக்கு முன் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட நான்தான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எட்டு மணி என்று எழுதியிருந்தேன்.

சாப்பிடாமல் மாத்திரையைத் தொடவே வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அன்றே போன் போட்டுச் சொன்னோம். டாக்டர் ஆய்வைத் தள்ளி வைத்தார். முறைப்படி அனுமதி வாங்கித் திட்டத்தைத் திருத்தி, சில வாரம் கழித்துத்தான் தொடங்கினோம். அவரவர் சாப்பிடும் நேரத்துக்குத்தான் போன்; முதல் கேள்வியே சாப்பிட்டாச்சா என்பதுதான். கடைசிவரை ஒருவரும் மயங்கி விழவில்லை.

அந்த நர்ஸுக்கு நன்றி சொல்லி எழுதினேன். அவர் மின்னஞ்சலைத் திட்டிக்கொண்டே படித்ததை மட்டும் சொல்லவில்லை. என் பிடிவாதப்படி அந்தத் திட்டத்தைப் பூட்டி வைத்திருந்தால், எங்கள் மேல் இருந்த மரியாதைக்காகவே அந்த அக்கா வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கியிருப்பார் என்று நினைக்கும்போது, இன்றும் பகீரென்கிறது.