பச்சை மையில் பதினொரு ‘ஆகவே’

என் கடையின் கண்ணாடி மேசைமேல் டீச்சர் அந்த விடைத்தாளை வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஐந்து பக்கம். கையெழுத்து என் பேத்தியுடையது. ஒரு சிவப்புக் கீறல் கிடையாது, ஒரு சரி அடையாளமும் கிடையாது. பச்சை மையில் வட்டங்கள் மட்டும். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரே சொல்தான் மாட்டிக்கொண்டிருந்தது: ஆகவே. கடைசிப் பக்கத்தின் அடியில் டீச்சர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘எதனால் ஆகவே?’

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைக்கு மூட்டை தூக்க வந்து, இன்றைக்குப் பாலத்தில் நின்று பார்த்தால் தெரிகிற மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் ஹார்ட்வெயார் கடையில் எந்த ஆணி எந்தப் பெட்டியில், எத்தனை அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் கையில் கடதாசி இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஒரு பிள்ளை, உயர்தரப் பரீட்சையில் மற்ற இரண்டு பாடமும் நன்றாகச் செய்துவிட்டு, தமிழில் மட்டும் இரண்டு தடவையும் ஆகக் கீழ்ச் சித்தியான ‘எஸ்’ எடுத்தால் எப்படி இருக்கும்? நாங்கள் பேசுவது தமிழ், செபம் சொல்வது தமிழ், சண்டை பிடிப்பது தமிழ். அதில் போய் எஸ்! கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போக வேண்டுமென்றால் மூன்று தடவைதான் எழுத விடுவார்கள்; பிள்ளைக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதோடு கதை முடிந்துவிடும்.

அதற்காகத்தான் டீச்சரைப் பிடித்தேன். வடக்கில் பிறந்தவர், கணவரின் வேலையோடு இந்தப் பக்கம் வந்தவர், பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றுவிட்டுச் சும்மா இருந்தார். மூன்றாம் மாடியை ஒழித்துக் கதிரைகள் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் தெல்தெனிய பஸ்ஸில் வந்து இறங்குவார். உயர்தரத் தமிழ் இலக்கியம், அதிலும் கட்டுரை விடை எழுதுவது எப்படி என்பதுதான் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதல் மூன்று வாரமும் டீச்சர் அவர்களை ஒரு கட்டுரையும் எழுத விடவில்லை. கேள்வியை மட்டும் வாசிக்க வைத்தார். ‘விளக்குக’ என்றால் என்ன கேட்கிறான், ‘ஆராய்க’ என்றால் என்ன கேட்கிறான் என்று அதையே அரைத்தார். நான்காம் வாரம், கேள்விக்கு ஒரே ஒரு வரியில் பதில். அந்த வரியில் ‘அழகாக’, ‘சிறப்பாக’ என்று எதுவும் வரக் கூடாது. பிறகு ஒரு பந்திக்கு ஒரு காரணம். அந்தக் காரணத்துக்குக் கவிதையிலிருந்து ஒரு அடி. அந்த அடி எப்படிக் காரணமாகிறது என்று சொந்தச் சொல்லில் இரண்டு வரி. இவ்வளவும் முடிந்த பிறகு, நீ சொன்னதை ஒருவன் மறுத்தால் என்ன சொல்லுவான் என்று அவன் பக்கத்தையும் எழுத வேண்டும். இந்தக் கடைசிச் சங்கதிதான் பிள்ளைகளை விரட்டியது. இருபத்திரண்டு பதின்மூன்றாகி, எட்டானது.

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. கட்டுகிற வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன் சொல்லுகிற குறையையும் சேர்த்துக் கட்டு என்றால் எந்த மேசன் பாஸ் கட்டுவான்? மேலே ஏறிப் போய்க் கேட்டேன்.

“டீச்சர், புள்ளைங்க ஓடுதுங்க. ஒரு நோட்ஸ் குடுத்துட்டா என்ன? அந்த சூம்ல பாடம் நடத்துற சேர் முப்பது கேள்விக்கும் விடைய அடிச்சே குடுக்கிறாராம்.”

“ஓம் முதலாளி, நல்ல விசயம். முப்பத்தோராவது கேள்வி வந்தால்?”

“வராது.”

“போன ரெண்டு தரமும் வராமலோ உங்கட பேத்திக்கு எஸ் வந்தது?”

இறங்கி வந்துவிட்டேன். ஆனால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. டீச்சருக்குத் தெரியாமல் சூம் சேரின் நோட்ஸ் ஒரு கட்டு எடுப்பித்தேன். கடை அடைத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியை மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி ஒப்பிக்க வைத்தேன். நான் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பேன். ஒரு சொல் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. பிள்ளை அழாமல் சொல்லும், ஆனால் என் முகத்தைப் பார்க்காது. ‘தாய்மை’ என்ற நோட்ஸ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆகிவிட்டது. அதில் தாயின் கண்ணீர் ஆறாக ஓடும், கடலாகப் பொங்கும், ஆகவே தாய்மை போற்றத்தக்கது என்று முடியும். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்த மாதம் டீச்சர் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்தார். பிள்ளைகள் முன்பின் பார்க்காத ஒரு சின்னக் கவிதை. ஊரைவிட்டுப் போன மகனுக்கு ஒரு தாய் சோறு வைத்துக் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றுகிறாள், விளக்கை அணைக்கிறாள், கதவைச் சாத்துகிறாள். ‘இந்தத் தாயிடம் மேலோங்கி நிற்பது துயரமா, கோபமா? ஆராய்க.’ இதுதான் கேள்வி. என் பேத்தி அதற்குக் கண்ணீர் நோட்ஸை ஐந்து பக்கத்துக்கு இறக்கி வைத்திருந்தாள். அந்த விடைத்தாளைத்தான் டீச்சர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“யார் பாடமாக்கச் சொன்னது எண்டு கேட்டன். தாத்தா எண்டு சொன்னவ,” என்றார். பிறகு கவிதை இருந்த கடதாசியை என் பக்கம் தள்ளினார். “இதில ஒரு சொட்டுக் கண்ணீர் இருந்தால் காட்டுங்கோ.”

வாசித்தேன். இல்லை. “இது கோபம் டீச்சர்,” என்றேன். “எங்கம்மாவப் பாத்தவன் நான். நான் தோட்டத்த விட்டுக் கெளம்புன அன்னைக்குக் கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. என் சட்டையத் தூக்கி வாசல்ல எறிஞ்சா.”

“உங்கட அம்மாவ விடுங்கோ. எந்த அடியால சொல்லுறீங்கள்?”

“கதவ அடிச்சுச் சாத்துறாளே!”

“அடிச்சு எண்டு இருக்கோ?”

மறுபடி பார்த்தேன். சாத்துகிறாள் என்றுதான் இருந்தது. விடுவேனா? விளக்கைச் சொன்னேன், சோற்றில் ஊற்றிய தண்ணீரைச் சொன்னேன். டீச்சர் சிரித்தார். “இது ஒரு விடை முதலாளி. நோட்ஸ் இல்லை, விடை. மற்றப் பக்கத்தையும் பாத்தியளெண்டால் முழு விடை.” அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் ஏறியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உயர்தரக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன்! அன்றைக்குக் கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை, எல்லோருக்கும் சொன்னேன்.

இனித்தான் நான் செய்த வேலை. திங்கட்கிழமை கடை திறந்ததுமே பேத்தியைக் கூப்பிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்து, “எழுது புள்ள,” என்று என் விடையைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். முதல் காரணம் சோறு, இரண்டாம் காரணம் விளக்கு, மூன்றாம் காரணம் கதவு. பாடமாக்கு, ஒப்பி. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற மேசன் பாஸ் ஒருவர் பக்கத்தில் ஆணி வாங்க நின்றார். மூன்றாம் காரணத்தில் பிள்ளையின் பேனா நின்றுவிட்டது.

“தாத்தா, கடைசி வரிய வாசிச்சீங்களா?”

“கதவுதானே கடைசி?”

“அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கு. ‘தாழ்ப்பாள் போடவில்லை.’ கோவமா இருந்தா போட்டிருப்பா. அவன் வருவான்னு இன்னும் நெனைக்கிறா.”

“மறந்திருப்பா.”

“சோத்த மறக்கல, வெளக்க மறக்கல, தாழ்ப்பாள மட்டும் மறந்தாளாக்கும்?”

பாஸ் கடை அதிரச் சிரித்தார். “மொதலாளி, ஊருக்கே தாழ்ப்பாள் விக்கிறது நீங்க. ஒங்க கண்ணுக்கே தெரியலயே!”

அவர் ஆணியைப் பொட்டலம் கட்டாமலே கையில் கொடுத்து அனுப்பினேன். பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன். பெரியவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாதே என்றேன். அவள் பயப்படவில்லை. ஒப்பிக்கும்போது என் முகத்தைப் பார்க்காத பிள்ளை, அன்றைக்கு நேராகப் பார்த்தாள். நான் எழுத வைத்ததை அடித்துவிட்டு, அதே கடதாசியின் பின்பக்கத்தில் தானாக எழுத ஆரம்பித்தாள். இன்றைக்கும் அந்தத் தாய்க்குக் கோபம்தான் என்பது என் கட்சி. ஆனால் எங்கள் லயத்து வீட்டுக் கதவைக் கயிற்றால்தான் கட்டுவோம். தாழ்ப்பாள் இருந்திருந்தால் அம்மா அன்றைக்குப் போட்டிருப்பாளா என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அந்த ஒரு வரி என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

மூன்றாம் தடவை பிள்ளை தமிழுக்கு ‘பி’ எடுத்தாள். கம்பஸும் கிடைத்துவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் நான் சொல்லாத வீடு இல்லை. டீச்சரின் வகுப்பு மட்டும் மிஞ்சவில்லை. எட்டு மூன்றானதும் அவரே நிறுத்திக்கொண்டு மகளோடு இருக்க வவுனியாவுக்குப் போய்விட்டார். நல்ல சரக்கை வைத்துக்கொண்டு ஒருவர் கடையை மூடுவதை நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது மூன்றாம் மாடியில் கதிரைகள் இல்லை. ஒரு சூம் சேர் கமெராவுக்கு முன்னால் நின்று நோட்ஸ் வாசிக்கிறார். இடத்தைக் கொடுத்ததும் நான்தான். வேறு யாரும் கேட்டு வரவில்லை.

போன மாதம் டீச்சருக்குப் போன் எடுத்தேன். சந்தோசப்பட்டார். “பிள்ளை சோதினையில என்ன எழுதினவ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பி எடுத்ததைச் சொல்லித் திரிந்தேனே தவிர, என்ன எழுதினாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. விடுமுறைக்கு வந்த பிள்ளையை உட்கார வைத்துக் கேட்டேன். கேள்வி என்ன, முதல் வரி என்ன, மறுப்புக்கு என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள்.

“சொல்ல மாட்டேன் தாத்தா. சொன்னா நாளைக்கே அதையும் நோட்ஸ் ஆக்கிருவீங்க.”