முள்ளெலிக்குக் காவல்

எங்கள் குடியிருப்பில் முள்ளெலி இருக்கிறது என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை. இருக்கிறது என்று நிர்வாகம் சொல்கிறது. படத்தோடு பலகையும் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் சனம் நிறைந்த லா சப்பலில், ரூ பஜோல் என்ற தெருவுக்குப் பின்னால், தண்டவாளப் பக்கமாக நான்கு கட்டடங்களும் நடுவில் ஒரு முற்றமும். நாங்கள் குடிவந்த காலத்தில் அந்த முற்றத்தில் வாங்குகள் இருந்தன, சறுக்குமரம் இருந்தது, பிள்ளைகள் பந்தடிப்பார்கள். பிறகு நிர்வாகம் கை மாறியது. புதிதாக வந்தவர்கள் கூட்டம் வைத்து, முற்றத்தை இயற்கைக்கே திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சறுக்குமரத்தைக் கழற்றினார்கள். சுற்றிவர இடுப்பளவு மதில் கட்டி, படலை போட்டுப் பூட்டினார்கள். உள்ளே ஒரு குட்டை தோண்டினார்கள், பூச்சிகளுக்கு மரத்தால் வீடு கட்டினார்கள். குடியிருப்பவர்கள் உள்ளே கால் வைத்தால் விலங்குகளுக்கு இடைஞ்சலாம். நான் அந்தப் புல்லுக்குள் கண்ட ஒரே விலங்கு எலி. முள் இல்லாதது.

வெளிவாசல் கதவு பாட்ஜ் அட்டையைக் காட்டினால் திறக்க வேண்டும். அதற்கு மனம் வந்தால் திறக்கும். மழையில் கறிப்பையும் கையுமாக நான் வெளியே நின்ற நாட்கள் உண்டு. கள்ளனுக்கு அந்தக் கவலை இல்லை, கார் நிறுத்தும் பக்கத்தால் நேரே நிலவறைக்கு இறங்குவான். சைக்கிள்கள் போயின. கீழ்வீட்டு அல்ஜீரியப் பெண்ணின் குழந்தை வண்டி போனது. எல்லோரும் கையெழுத்திட்டுக் கமெரா கேட்டோம். கமெரா வந்தது. நிலவறைக்கு அல்ல, தோட்டத்துக்கு. முள்ளெலி எத்தனை மணிக்கு உலாவப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். "என் பிள்ளைக்கு முதுகில் முள் முளைத்தால்தான் இவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றாள் அந்தப் பெண். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தக் கமெரா எங்கள் வயிற்றில் அடிக்கும் என்று அப்போது தெரியாது.

என் மனைவி அமாவாசை விரதக்காரி. அவளுடைய வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. தகப்பன் சாவகச்சேரியில் செத்தபோது எங்களிடம் பயணம் செய்யப் பத்திரம் இல்லை, தொலைபேசியில் அழுததோடு சரி. அதற்குப் பிறகு அமாவாசைதோறும் சமைத்து, படைத்து, ஒரு பிடி சோறும் பருப்பும் கறியும் குழைத்துக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் விடுவாள். எங்கள் யன்னலில் சோறு வைக்க விளிம்பு கிடையாது. ஆகவே முற்றத்து மதில். பாதி வாழையிலையில் வைத்து, தள்ளி நின்று, மெல்லிய குரலில் "கா, கா" என்பாள். எதிர்க்கட்டடத்துக் கூரையிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் காகம் இறங்கும். அது வாய் வைத்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தகப்பனுக்கு விருந்து கொடுத்த பெண்ணின் முகம்.

எலி பெருகியதும் வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். தோட்டத்தில் யாரோ உணவு வைக்கிறார்கள், எலிகள் அதற்குத்தான் வருகின்றன, ஆள் பிடிபட்டால் வாடகை ஒப்பந்தம் ரத்து. புறநகரில், ஓல்னேயில் ஒற்றை அறைக்குள் இரண்டு பிள்ளைகளோடு வருடக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த வீடு இது. இதை விட்டால் இந்த வயதில் எங்களுக்கு வேறு வீடு யார் தருவார்கள்?

"இஞ்சேரும், இனி உங்கை வைக்க வேண்டாம். பாலத்தடியிலை கொண்டுபோய் வையும்" என்றேன்.

அடுத்த அமாவாசைக்குத் தண்டவாளத்தின் மேலுள்ள பாலத்துக்குக் கொண்டுபோனாள். புறாக்கள் கூட்டமாக வந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. புறா தின்றது தகப்பனுக்குச் சேராது என்று அன்று பொழுதுபடும்வரை பட்டினி கிடந்தாள். அதற்கடுத்த அமாவாசைக்கு என்னிடம் கேட்காமல் மதிலுக்கே போனாள்.

அந்த நாட்களில்தான் புதிய காவலாளி வந்தான். கறுப்புக் கோட்டு, காதில் வயர். தமிழன்.

"அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

எவடம், எந்த ஊர் என்று கேட்பவனிடம் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு சாதியிலிருந்து இயக்கம்வரை என்னென்ன கேட்டார்கள் என்பது என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். "டவுனுக்குக் கிட்ட" என்று மழுப்பினேன். தான் வன்னி என்றான், கடைசிச் சண்டைக்குப் பிறகு வந்தவன் என்றான். பிறகு, "நீங்கள் மூண்டாம் மாடிதானே அண்ணை?" என்றான். என் மாடி அவனுக்கு எதற்கு?

அன்றிலிருந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் அவனைக் காவல் காத்தேன். நிலவறைப் பக்கம் அவன் அதிகம் போவதில்லை. மதிலைத்தான் சுற்றுவான். நிர்வாகம் நம்மவனைத் தேடிப் பிடித்துப் போட்டது சும்மாவா? நம்முடைய சமையல் மணம் நம்மவனுக்குத்தான் பிடிபடும். அமாவாசையன்று மனைவி சோற்றை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். காகம் இறங்கியது. உடனே தொலைபேசியை எடுத்து யாருடனோ பேசினான், பேசிக்கொண்டே எங்கள் யன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"முடிஞ்சுது கதை. உவன் சொல்லிக்குடுத்திட்டான்" என்றேன்.

"உங்களுக்கு ஆரிலைதான் சந்தேகம் இல்லை? அந்தப் பெடியன்ரை முகத்தைப் பாருங்கோ."

"முகத்தைப் பாத்துத்தான் சொல்லுறன்."

அந்தக் கிழமையே நிர்வாகத்திலிருந்து அழைப்பு வந்தது. முற்றத்தைப் பார்த்தபடியுள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. "உள்ளை வாயைத் திறக்காதையும், நான் கதைக்கிறன்" என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு போனேன்.

கீழ்த்தளத்து அலுவலகத்தில் நிர்வாகி, முப்பது வயது மதிக்கத்தக்க பெண், கணினியைத் திருப்பிக் காட்டினாள். முள்ளெலிக் கமெரா எடுத்த படம். மதில், வாழையிலை, சோறு, தடித்த குளிர்ச்சட்டைக்குள்ளிருந்து நீளும் ஒரு கை. முகம் இல்லை. அந்த மாதிரிச் சட்டை லா சப்பலில் பாதிச் சனத்திடம் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவள் மூலையில் நின்ற காவலாளியைப் பார்த்தாள். அவனை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்கள் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறீர்கள். இந்தக் கை யாருடையது? இவர்களா? பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்."

வீடு போகப் போகிறது. அதுவும் ஒரு தமிழனின் தலையாட்டலில். அவனையே முறைத்துப் பார்த்தேன்.

அவன் தலை அசையவில்லை. "நான் ஒருவரையும் காணவில்லை" என்று பிரெஞ்சில் சொன்னான்.

அவள் இன்னொருமுறை கேட்டாள். அவன் அதையே சொன்னான். கண் தெரியாத காவலாளி தனக்குத் தேவையில்லை என்றும், திங்கட்கிழமை வேறு ஆளை அனுப்பும்படி அவனுடைய கம்பனிக்குச் சொல்லப் போவதாகவும் சொல்லித் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். அப்போதும் என் புத்தி, இது இருவரும் சேர்ந்து ஆடும் நாடகமாக இருக்குமோ என்றுதான் போனது.

"நான்தான்" என்றாள் என் மனைவி.

அவளுடைய பிரெஞ்சு துப்புரவு வேலைக்குப் போய்ப் பழகியது. சிறிய வசனங்கள். "என் கை. காகத்துக்குச் சோறு. என் அப்பாவுக்காக."

நிர்வாகி நிமிர்ந்தாள். "உங்கள் அப்பாவா? அவர்தான் காகங்களுக்குச் சாப்பாடு போடச் சொல்கிறாரா? எந்த வீட்டில் இருக்கிறார்? ஒப்பந்தத்தில் அப்படி ஒருவரின் பெயர் இல்லையே!"

எங்கள் மேல் எலிக் குற்றம் போதாதென்று திருட்டுக் குடியிருப்புக் குற்றமும் ஏறுகிறது என்று எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்:

"இல்லை மதாம். அப்பா செத்துவிட்டார். அப்பா சாப்பிடுகிறார்."

நான் அதை விளக்க முயன்றேன். என் பிரெஞ்சும் உணவகச் சமையலறைப் பிரெஞ்சுதான், செத்தவர் காகமாக வந்து சாப்பிடுவதற்கெல்லாம் அதில் இடமில்லை. நிர்வாகி கேட்டுக்கொண்டிருந்தாள். இரக்கப்பட்டாளா, எங்களைப் பைத்தியம் என்று நினைத்தாளா, கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், எச்சரிக்கை ஒன்று எங்கள் கோப்பில் ஏறும், இன்னொருமுறை மதிலில் சோறு கண்டால் வீடு போகும் என்றாள். காவலாளியைப் பார்த்து, நீ வேலைக்கு வரலாம் என்று சைகை காட்டினாள்.

வெளியே வந்ததும் அவன் எங்கள் பின்னால் ஓடிவந்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நன்றி சொல்ல வேண்டிய வாயால், "அண்டைக்கு ஆருக்கு ஃபோன் எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு அண்ணை. அக்கா சோறு வைச்சதைப் பாத்தோடனை எனக்கு என்னவோ செய்துது. எங்கடை அண்ணாவைச் சரணடையேக்கை ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அவருக்கும் ஒரு பிடி வைப்பமோ எண்டு அம்மாட்டைக் கேட்டனான். அம்மா ஃபோனை வைச்சிட்டா. அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கிறா இல்லை."

அவன் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தான்.

"அக்கா, ஆள் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாட்டிலும் வைக்கலாமோ?"

என் மனைவி அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்தாள். அமாவாசைச் சோற்றுக்காக வீட்டையே பணயம் வைத்தவள். தன் தகப்பனுக்கு இனி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவள்.

"வைக்காதையும் தம்பி" என்றாள். "வைச்சால், அவர் வரமாட்டார் எண்டு அம்மாவுக்கு நீர் சொன்ன மாதிரி."