போன வருஷம் எங்கே இருந்தீர்கள்?

எங்கள் தொழிலில் ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "போன வருஷம் எங்கே இருந்தீங்க?" போலீஸ் ஸ்டேஷனிலும் இதையேதான் கேட்பார்கள். அங்கே பதில் சொல்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வரி கட்டி நொந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற வருஷத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்த நாட்டில் இருந்துவிட்டால் நீங்கள் 'ரெசிடென்ட்'. உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்டவேண்டும். அதற்குக் குறைந்தால் பெரும்பாலும் 'நான்-ரெசிடென்ட்'. இங்கே சம்பாதித்ததற்கு மட்டும் வரி. பல வருஷம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு நடுவில் ஒரு திரிசங்கு நிலையும் உண்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. பெங்களூர் காக்ஸ் டவுனில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் அது எளிதாக முடிந்த நாள் எனக்கு நினைவில்லை.

குவைத்திலிருந்து ஒரே பையோடு

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். சேர்ந்த புதிதில் ஜீவனஹள்ளியிலிருந்து முனுசாமி என்பவர் மனைவியோடு வந்தார். குவைத்தில் பன்னிரண்டு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஈராக் படை நுழைந்து சண்டை வந்ததும் போட்ட சட்டையோடு, ஒரே ஒரு பையோடு ஊர் திரும்பிவிட்டார். சேமிப்பெல்லாம் அங்கே பேங்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அது கிடைக்குமா என்றே தெரியாத நேரத்தில் தெருக்காரர் ஒருவர், "பாதி வருஷத்துக்கு மேல இங்கதான இருக்க? அப்ப நீ ரெசிடென்ட். குவைத் பேங்க் வட்டிக்கும் இங்க வரி போட்டுருவான், கட்டலன்னா வீட்டை எழுதிக்குவான்" என்று கிளப்பிவிட்டிருந்தார். முனுசாமி உட்காரவே மாட்டேன் என்றார். கொடுத்த டீயும் அப்படியே ஆறிப்போனது.

என் சீனியர் ராவ் சார் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எப்போது முதலில் போனது, லீவுக்கு எத்தனை தடவை வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்ற மனைவி ஒவ்வொரு கேள்விக்கும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தார். கடைசியில் ராவ் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பயப்படாதீங்க முனுசாமி. நீங்க ரெசிடென்ட்தான், ஆனா முழு ரெசிடென்ட் இல்ல. ரொம்ப வருஷம் வெளிய இருந்ததால, அங்க வர்ற வட்டிக்கு இங்க வரி கிடையாது." முனுசாமி அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்து, அப்புறம்தான் உட்கார்ந்தார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊர்ல இருக்கேன், ஆனா முழுசா இல்லங்கறீங்க. எங்க வீட்ல ஒரு வருஷமா என்னை அப்படித்தான் சார் வச்சிருக்காங்க."

செப்டம்பருக்குள்

சில வருஷங்களில் நானும் பரீட்சை எழுதி ஆடிட்டராகிவிட்டேன். அப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்த சேகருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. "செப்டம்பர் இருபத்தெட்டுக்குள்ள பிளேன் ஏறிடுங்க. தள்ளிப்போனா இந்த வருஷம் நீங்க ரெசிடென்ட். அந்தச் சம்பளத்துக்கும் இங்க வரி வரும்" என்று நான்தான் சொன்னேன். அவரும் டிக்கெட் வாங்கினார். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவர் அப்பாவுக்கு மாரடைப்பு.

அதற்குப் பிறகு தினமும் ஃபோன். "மேடம், நான் போயிட்டு, இங்க ஏதாவது ஆகித் திரும்பி வந்தா, அந்த நாளும் சேருமா?" சேரும் என்றேன். ஒருநாள் அவர் அக்கா ஃபோனைப் பிடுங்கி, "எங்கப்பா உசுருக்குப் போராடறாரு, நீங்க நாள் எண்றீங்களா?" என்று கத்தினார். சட்டத்தைத்தான் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது நன்றாக இல்லை.

முடிவில் சேகர் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். அப்பா பிழைத்தார். நவம்பரில் சேகர் போனார். சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு அங்கே பிடித்தது போக மீதி வரியை இங்கே முகம் சுளிக்காமல் கட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நானும் மறந்திருப்பேன். ஆனால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவதற்கு முந்தின நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் ஜன்னலோரம் நின்று தேதியைப் பற்றிக் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். விரலசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். "ஆடிட்டரம்மா, நான் எந்தத் தேதிக்குள்ள போய்ச் சேர்ந்தா இவனுக்கு வசதி?"

பாஸ்போர்ட்டின் நிறம்

இது சின்னதுதான். அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட ஒருவர் கோரமங்களாவில் வீடு கட்டி, இரண்டு மூன்று வருஷமாக இங்கேயே இருந்தார். அமெரிக்கப் பாஸ்போர்ட் இருப்பதால் தான் நான்-ரெசிடென்ட்தான் என்று சாதித்தார். பிரஜை என்பது வேறு, இங்கே தங்குவது வேறு என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வரி ஆபீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போனால் அதிகாரியின் மேஜையிலேயே பாஸ்போர்ட்டைப் படாரென்று போட்டார். இனி இவருடைய கணக்கை மட்டுமில்லை, என்னிடம் வருகிற அத்தனை பேர் கணக்கையும் கிண்டுவார்கள் என்று நினைத்தேன். கன்னடக்காரரான அந்த அதிகாரி பாஸ்போர்ட்டைத் தொடக்கூட இல்லை. நிதானமாகத் தமிழில் சொன்னார்: "சுவாமி, மனசு அமெரிக்கால இருக்கட்டும், பேடா அன்னல்ல, வேண்டாம்னு சொல்லல. உடம்பு கோரமங்களால இருக்கில்ல, நமக்கு உடம்புதான் கணக்கு."

சேலத்திலிருந்து வந்த அப்பா

இரண்டாயிரத்து ஒன்றில் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலைகள் கொத்துக்கொத்தாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த பிப்ரவரியில் கார்த்திக் என்ற பையன் என்னிடம் வந்தான். சேலத்துக்காரன். வேலை போய், ஜூலையிலேயே திரும்பி, பி.டி.எம். லேஅவுட்டில் நண்பர்களோடு ஒரே அறையில் இருந்தான். "இந்த வருஷம் நீ ரெசிடென்ட்தாம்பா" என்றேன். அவன் முகம் சுருங்கியது. "மேடம், வீட்டுக்குத் தெரியாது. இன்னும் அமெரிக்காவுல இருக்கேன்னு நினைச்சுட்டிருக்காங்க. தங்கச்சி கல்யாணம் பேசிட்டிருக்காங்க, அது முடியட்டும்."

பத்து நாள்கூட ஆகவில்லை. அவன் அப்பாவே வந்து நின்றார். பையன் பேரில் இங்கே ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். அதை வாடகைக்கு விட்டதால் வரிக்கணக்கு எழுதவேண்டும். மகன்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவரே நேரில் வருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. விறைப்பாகத் தேய்த்த சட்டை, மடியில் மஞ்சள் பை. "பையன் நான்-ரெசிடென்ட் இல்லையா, அப்படித்தானே எழுதணும்?" என்றார். ஆமாம் என்றால் பொய்க் கணக்கு; இல்லை என்றால் அவன் குட்டு என் வாயாலேயே உடைந்துவிடும். தண்ணீர் குடித்தேன். ஃபேனை வேகமாக வைத்தேன். "அதை அவர்கிட்டயே கேட்டுத்தான் எழுதணும் சார்" என்றேன். "அப்பா நான், எனக்குத் தெரியாதா?" என்றார். "கையெழுத்துப் போடறவங்கதான் சார் சொல்லணும்" என்றேன்.

கீழே கடையில் இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம் நின்ற பிறகு, அவர் பையை மெதுவாக மடித்துக்கொண்டே சொன்னார்: "அவன் எங்க இருக்கான்னு நான் கேக்கலம்மா. அமெரிக்காவுலேர்ந்து பேசறேங்கறான், பின்னாடி பெங்களூர் சிட்டி பஸ் கண்டக்டர் 'மெஜஸ்டிக், மெஜஸ்டிக்'னு கத்தறான். அவன் அம்மாவுக்குக் காது கேக்கும், எனக்கும் கேக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடறானா, அதை மட்டும் சொல்லுங்க."

வருமானத்தை மட்டும் மறைக்கிற ஆள் யாராவது வருகிற நாளில்தான், என்னை மாதிரி ஆடிட்டருக்கு மத்தியானச் சாப்பாடு தொண்டையில் ஒழுங்காக இறங்குகிறது.